பொய்ப் பிரசாரத்தைக் கணினி கண்டுபிடித்துவிடுமா?

வாசகர் கேள்விகள் – பதில்கள்

ஒரு நாட்டையோ நிறுவனத்தையோ குறிவைத்துத் திட்டமிட்டுப் பரப்பப்படும் தகவல்களை இனங்காண்பதில், முடிவெடுக்கத் துணைசெய்யும் கணினி முறைமைகள் எந்த அளவுக்குப் பயன்படும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். அக்கேள்விகளுக்கான பதில்களை இங்கே தருகிறோம்.

கேள்வி: வதந்தி எக்காலத்திலும் இருந்துவந்திருக்கிறது. திட்டமிட்ட தகவல் நடவடிக்கை அதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

வதந்தி யாருடைய திட்டமும் இன்றித் தானாகவே பரவக்கூடியது. தகவல் நடவடிக்கைக்கோ ஒரு நோக்கமும், அதை நிறைவேற்றும் ஆட்களும், அவர்கள் யார் என்பதை மறைக்கும் ஏற்பாடும், எதை எப்போது வெளியிடுவது என்ற கால வரிசையும் உண்டு. இதற்கான மிகத் தெளிவான எடுத்துக்காட்டு புதுதில்லியில் தொடங்கியது. 1983 ஜூலையில் அங்கிருந்து வெளிவந்த ‘பேட்ரியட்’ என்ற ஆங்கில நாளிதழ், பெயர் வெளியிட விரும்பாத அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. எய்ட்ஸ் நோய், மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் டெட்ரிக் இராணுவ ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது என்பது அக்கடிதத்தின் சாரம். அப்போது அதைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985 அக்டோபரில், சோவியத் வார இதழான ‘லித்தரதூர்னயா கஸெத்தா’ இந்தியப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டி அதே கதையை மீண்டும் எழுதியது. அடுத்த ஆண்டில், கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உயிரியற்பியல் பேராசிரியர் யாக்கோப் சேகல் அறிவியல் நடையில் ஓர் அறிக்கை எழுதி அக்கதைக்கு ஆய்வுத் தோற்றம் கொடுத்தார். 1987-க்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது வெளிவந்துவிட்டது. 1992-இல், அப்போது ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் தலைவராக இருந்த யெவ்கேனி பிரிமகோவ், இதில் சோவியத் உளவுத் துறைக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டார்.

கடிதத்தை மட்டும் தனியாகப் படித்தவருக்கு அது ஓர் ஆதாரமற்ற கருத்தாகவே தெரிந்திருக்கும். 1983-இல் வெளிவந்த கடிதம், 1985-இல் வெளிவந்த கட்டுரை, 1986-இல் வந்த அறிக்கை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்று பார்ப்பவருக்கே பின்னாலிருக்கும் கை புலப்படும். இன்றைய கணினி முறைமைகள் செய்ய முயல்வதும் இந்த அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையைத்தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் ஒரு செய்தியைக் கொடுத்து, உண்மையா பொய்யா என்று கேட்டுவிட்டால் போதாதா? முடிவெடுக்கத் துணைசெய்யும் முறைமை என்று தனியாக ஒன்று எதற்கு?
– மென்பொருள் துறை ஊழியர், சென்னை

போதாது. தகவல் நடவடிக்கையில் பயன்படும் செய்திகளில் பல உண்மையானவை. உண்மையான ஊழல் வழக்கு ஒன்றை எடுத்து, குறிப்பிட்ட வாரத்தில், நூறு இடங்களில், ஒரே சாய்வுடன் ஊதிப் பெருக்குவதும் தகவல் நடவடிக்கையே. ஆகவே தனிச் செய்தியின் உண்மைத்தன்மையைச் சோதிப்பது தேவையான பணி என்றாலும், நடவடிக்கை ஒன்று நடக்கிறதா என்ற கேள்விக்கு அது விடை தராது.

1971-இல் அந்தோணி காரி, மைக்கேல் ஸ்காட் மார்ட்டன் என்ற இரு மேலாண்மை அறிஞர்கள், முடிவுகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். சம்பளக் கணக்கைப் போல விதிகளாலேயே முடித்துவிடக்கூடிய முடிவுகளைக் கணினியிடம் விட்டுவிடலாம்; ஒரு பகுதி மட்டுமே விதிக்குள் அடங்கி, மறுபகுதி மனிதரின் தீர்ப்பை வேண்டி நிற்கும் முடிவுகளுக்குத்தான் துணைசெய்யும் முறைமை தேவை என்பது அவர்கள் வகுத்த வேறுபாடு. தகவல் நடவடிக்கையைக் கண்டறிவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் பணி, கீவ் நகரில் உக்ரைன் தேசிய அறிவியல் கழகத்தின் தகவல் பதிவு நிறுவனத்தில் நடந்தது. தொடர்ந்து தகவல் தாக்குதலுக்கு உள்ளாகும் ஒரு நாட்டில், தாக்கப்படுபவர்களே உருவாக்கிய முறை அது. திமித்ரோ லாந்தே, வித்தாலி த்சிகனோக், ஒலே அந்திரிச்சுக் முதலிய ஆய்வாளர்கள், இணையச் செய்திகளைத் திரட்டும் ‘இன்ஃபோஸ்ட்ரீம்’ என்ற கண்காணிப்பு முறைமையையும், நிபுணர்களின் கணிப்பைத் தொகுக்கும் ‘சோலோன்-3’ என்ற துணை முறைமையையும் ஒன்றோடொன்று இணைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் பிரெக்சிட்டும் ஒன்று. ஆனால் தங்கள் சொந்த அறிவியல் கழகத்தையே எடுத்துக்கொண்ட ஆய்வுதான் இதைப் புரிந்துகொள்ள ஏற்றது.

முதலில் நிபுணர்கள் தாக்குபவரின் இடத்தில் நின்று சிந்திக்கிறார்கள். ‘அறிவியல் கழகத்தின் நற்பெயரைக் கெடுப்பது’ என்பது முதன்மை இலக்கு என்றால், அதை எந்தெந்தத் துணை இலக்குகளின் வழியே அடையலாம்? அதிகார மெத்தனம், ஊழல், தவறான பணியமர்த்தல், ஆய்வு முடிவுகள் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேராமை, கழகத்தின் நிலங்களையும் கட்டடங்களையும் தவறாகப் பயன்படுத்துதல், தலைவரையும் பிற முக்கிய அறிஞர்களையும் இழிவுபடுத்துதல் என்று அப்பட்டியல் கிளைவிட்டுக்கொண்டே போகிறது. இக்கிளைகள் எல்லாம் சேர்ந்த அறிவுத்தளம் உருவானதும், ஒவ்வொரு கிளைக்கும் உரிய தேடல் சொற்களைக் கொண்டு கணினி செய்திகளைத் திரட்டுகிறது. அவற்றின் சாய்வு ஆதரவா எதிர்ப்பா என்று கணிக்கிறது. எந்தக் கிளையில் எப்போது செய்திகள் பெருகின என்று காட்டுகிறது. ஒரே ஒரு கிளையில் மட்டும் செய்தி பெருகினால் அங்கே உண்மையாகவே ஏதேனும் நடந்திருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கிளைகளில், நெருங்கிய காலத்தில், ஒரே சாய்வில் பெருகினால் அதை மனிதர் உட்கார்ந்து ஆராய வேண்டும். அறிவுத்தளத்தைத் தாக்குதலுக்கு முன்பே அமைதியாக அமர்ந்து உருவாக்கிவிட முடியும் என்பதே இம்முறையின் பெரும் பலம் என்று கருதுகிறேன்.

கேள்வி: நிபுணர்களின் கணிப்பை எண்களாக மாற்றுகிறார்கள் என்று படித்தேன். ஒருவரின் சொந்தக் கருத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அது அறிவியலாகிவிடுமா?
– கணித ஆசிரியர், நாகர்கோவில்

ஆகிவிடாது, ஆனால் அதைச் சோதிக்க வழி பிறக்கிறது. ஒரு துணை இலக்கு முதன்மை இலக்குக்கு எத்தனை சதவீதம் பங்களிக்கிறது என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். இரண்டு இரண்டாக எடுத்து, இவற்றுள் எது முக்கியம், எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் ஓரளவு உறுதியாகச் சொல்வார்கள். தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970-களில் இதை ஒரு முறையாக வளர்த்து, 1 முதல் 9 வரையிலான அளவுகோலை வகுத்தார்.

ஓர் எடுத்துக்காட்டு: ஊழல் குற்றச்சாட்டு, நில முறைகேட்டைப் போல இரு மடங்கு பாதிப்பை உண்டாக்கும் என்கிறார் ஒரு நிபுணர். நில முறைகேடு, பணியமர்த்தல் குறையைப் போல மும்மடங்கு என்கிறார். அப்படியானால் ஊழல், பணியமர்த்தல் குறையைவிட ஆறு மடங்கு என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றின் எடைகளும் 0.6, 0.3, 0.1 என்று பிரியும். அவரோ, பணியமர்த்தல்தான் ஊழலைவிட முக்கியம் என்று மூன்றாவது ஒப்பீட்டில் சொல்லிவிட்டால், அவருடைய பதில்கள் தமக்குள்ளேயே முரண்படுகின்றன. இம்முரணை அளக்க சாட்டி ஒரு விகிதத்தைக் கொடுத்திருக்கிறார், அது 0.1-ஐத் தாண்டினால் நிபுணரிடம் திரும்பச் சென்று மறுபரிசீலனை செய்யச் சொல்வது வழக்கம்.

கணித ஆசிரியராகிய தாங்கள் இதிலுள்ள ஓட்டையை உடனே கண்டுகொள்வீர்கள். முரணில்லாத பதில் சரியான பதிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே அலுவலகத்தில், ஒரே பத்திரிகைகளைப் படித்து, ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஐந்து பேர் மிக ஒத்திசைவாகத் தவறு செய்யலாம். அதனால் தாக்கப்படும் நிறுவனத்தின் ஆட்களோடு, அதைக் கடுமையாக விமர்சிப்பவர்களையும் நிபுணர் குழுவில் சேர்ப்பது அவசியம். ஒவ்வொரு எடைக்கும் ஏன் அந்த மதிப்பு கொடுக்கப்பட்டது என்று ஓரிரு வரிகளாவது எழுதிவைக்க வேண்டும். பின்னால் வருபவர் கேள்வி கேட்கக்கூடிய இடம் அதுதான்.

கேள்வி: செய்திகளின் எண்ணிக்கை கூடுவதையும் குறைவதையும் வைத்தே தாக்குதலை முன்கூட்டி அறியலாம் என்கிறார்களே, அது எப்படி?
– ஊடகத் துறை மாணவர், யாழ்ப்பாணம்

கீவ் ஆய்வாளர்கள் நாள்தோறும் வெளியான செய்திகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கி, ஒரு பொதுவான வடிவத்தை விவரிக்கிறார்கள். முதலில் வழக்கமான பின்னணி அளவு, அடுத்து ஓர் அமைதி, பிறகு, போரில் பெரும் தாக்குதலுக்கு முன் நடத்தப்படும் பீரங்கிச் சூட்டைப் போல ‘பீரங்கி முன்னேற்பாடு’ என்று அவர்கள் அழைக்கும் சிறிய எழுச்சி, மறுபடியும் அமைதி, இறுதியில் பெரும் தாக்குதல். நடுவில் வரும் சிறிய எழுச்சியில், எந்தக் குற்றச்சாட்டு மக்களிடம் எடுபடுகிறது என்று தாக்குபவர் சோதித்துப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். இவ்வடிவத்தை இரைச்சல் மிகுந்த எண் தொடருக்குள் தேடுவதற்கு வேவ்லெட் பகுப்பாய்வு என்ற கணித முறையைப் பயன்படுத்துகிறார்கள். நீண்ட காலப் போக்கையும் குறுகிய காலத் துடிப்பையும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டக்கூடியது அது.

இந்த வடிவத்தை மட்டுமே நம்பி எச்சரிக்கை விடுப்பதை நான் ஏற்க மாட்டேன். தேர்தல் அறிவிப்பு, பெரிய நடிகர் படத்தின் வெளியீடு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே இதே போன்ற வரைகோட்டை உண்டாக்கக்கூடும். ஆகவே எண்ணிக்கையோடு நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யார், எப்படி நடந்துகொள்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்ற மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று 2019-இல் ஆய்வாளர் கமீல் ஃபிரான்சுவா வகுத்த சட்டகம் இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்டது. இம்மூன்றில் இரண்டாவதுதான் கணினிக்கு மிக எளிதாகப் பிடிபடுகிறது: ஒரே வாக்கியம் ஒரே நிமிடத்தில் பல கணக்குகளிலிருந்து வெளிவருவது, ஒரே நாளில் தொடங்கப்பட்ட கணக்குகள், ஒரே இணைப்பை ஒரே வரிசையில் பகிர்வது போன்றவை.

2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று வெளிப்படுத்திய ‘டோப்பல்கேங்கர்’ பிரசாரத்தை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’, ‘பில்ட்’, பிரிட்டனின் ‘தி கார்டியன்’ முதலிய செய்தித் தளங்களைப் போலவே போலித் தளங்கள் உருவாக்கப்பட்டிருந்தன. எழுத்துரு, நிறம், பக்க அமைப்பு எல்லாம் அச்சாக அப்படியே இருந்தன. கட்டுரையைப் படித்து ஏமாந்தவரைக் குறைசொல்ல முடியாது. தள முகவரியின் கடைசி எழுத்துகள் மட்டுமே வேறாக இருந்தன. அம்முகவரிகள் எப்போது பதிவு செய்யப்பட்டன, எந்தெந்த விளம்பரக் கணக்குகள் அவற்றுக்கு ஆட்களை அனுப்பின என்று தேடியபோதுதான் வலைப்பின்னல் வெளிப்பட்டது.

கேள்வி: இத்தகைய முறைமை அரசாங்கத்தின் கையில் இருந்தால், அரசை விமர்சிக்கும் சாதாரண மனிதர்களையும் எதிரியின் ஏவலாள் என்று முத்திரை குத்திவிடாதா?
– வழக்கறிஞர், மதுரை

வந்த கேள்விகளிலேயே மிக முக்கியமானதாக இதைக் கருதுகிறேன். முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 லட்சம் சமூக ஊடகக் கணக்குகளில் 1,000 மட்டும் போலி என்று வைத்துக்கொள்வோம். போலியையும் அசலையும் நூற்றுக்கு 99 முறை சரியாகப் பிரித்தறியும் முறைமை நம்மிடம் இருக்கிறது. அது 990 போலிகளைப் பிடித்துவிடும். எஞ்சியுள்ள 9,99,000 அசல் கணக்குகளில் ஒரு சதவீதத்தை, அதாவது 9,990 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பிடிபட்ட 10,980 பேரில் நூற்றுக்கு ஒன்பது பேரே போலிகள். 99 சதவீதத் துல்லியம் என்று விளம்பரம் செய்யப்படும் கருவி, தேடப்படுவது அரிதாக இருக்கும்போது, பெரும்பாலும் நிரபராதிகளையே சுட்டிக்காட்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு அதிகாரியும் நீதிபதியும் ஒருமுறையேனும் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

நடந்த நிகழ்வும் உண்டு. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் ‘ஹாமில்டன் 68’ என்ற இணையப் பலகை தொடங்கப்பட்டது. ரஷ்யச் செல்வாக்கோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட சுமார் 600 ட்விட்டர் கணக்குகள் எதைப் பேசுகின்றன என்று அது காட்டியது. கணக்குகளின் பட்டியல் வெளியிடப்படவில்லை. பத்திரிகைகளோ அதைப் பார்த்து, இன்ன விஷயத்தை ரஷ்யத் தானியங்கிகள் (மனிதரின்றி மென்பொருளால் இயங்கும் கணக்குகள்) பரப்புகின்றன என்று தொடர்ந்து எழுதின. அப்பட்டியலில் அமெரிக்காவையும் கனடாவையும் பிரிட்டனையும் சேர்ந்த சாதாரண மக்கள் பலர் இருந்ததை ட்விட்டர் ஊழியர்கள் கண்டறிந்திருந்தனர் என்பது 2023 ஜனவரியில் வெளியான அந்நிறுவனத்தின் உள் கடிதங்களால் தெரிந்தது. அக்கணக்குகள் அனைத்தும் தானியங்கிகள் என்று தாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை, ஊடகங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டன என்று பலகையை நடத்தியவர்கள் விளக்கம் அளித்தனர். பட்டியலையும் அது தயாரிக்கப்பட்ட முறையையும் பொதுவில் வைத்திருந்தால், இத்தவறு ஐந்து ஆண்டுகள் நீடித்திருக்காது என்பது என் கருத்து.

எதிர்மாறான அணுகுமுறைக்கு 2018 அக்டோபரில் ட்விட்டர் செய்ததைச் சொல்லலாம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயங்கிய ‘இணைய ஆய்வு முகமை’ என்ற பொய்ப் பிரசார நிறுவனத்தோடு தொடர்புடைய 3,841 கணக்குகளின் பதிவுகளையும், ஈரானிலிருந்து இயங்கியதாகக் கருதப்பட்ட 770 கணக்குகளின் பதிவுகளையும் ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அப்பதிவுகளை வெளியார் சரிபார்க்க முடிந்தது. இன்றைய கண்டறியும் முறைகள் பலவும் அந்தத் தரவுகளின் மீதே பயிற்சி பெற்றன.

அரசின் கையில் இருப்பதைப் பொறுத்தவரை, பிரான்ஸ் 2021-இல் தொடங்கிய ‘விஜினும்’ அமைப்பின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அது வெளிநாட்டுத் தலையீட்டை மட்டுமே ஆராயலாம். பொதுவில் கிடைக்கும் பதிவுகளை மட்டுமே திரட்டலாம். அதன் பணியை மேற்பார்வையிட அறநெறி, அறிவியல் குழு ஒன்றும் இருக்கிறது. இந்த எல்லைகள் இல்லாத முறைமையை எந்த அரசு கேட்டாலும் மக்கள் மறுக்க வேண்டும் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

நம் மாநிலத்தில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த, இதனோடு தொடர்பில்லாத சம்பவங்களும் அவற்றில் இருந்தன. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களிடையே அச்சம் பரவியது; பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது; தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குகளும் பதிவு செய்தது. அச்சத்தில் அதைத் தம் உறவினருக்கு அனுப்பிய தொழிலாளியையும், பொய் என்று தெரிந்தே வெளியிட்டவரையும் ஒரு வரைபடம் ஒரே நிறப் புள்ளிகளாகத்தான் காட்டும். அவ்விருவரையும் பிரித்தறியும் பொறுப்பு விசாரிக்கும் மனிதருடையது. அதை எந்த முறைமையின் மீதும் சுமத்த முடியாது.

கேள்வி: இம்முறைமைகள் தமிழில் வேலை செய்யுமா?
– வாசகர், சிங்கப்பூர்

ஓரளவுக்கு. எண்ணிக்கையையும் நேரத்தையும் இணைப்புகளையும் ஆராயும் பகுதிகளுக்கு மொழி ஒரு தடையில்லை. தேடல் சொற்களிலும் சாய்வைக் கணிப்பதிலும்தான் சிக்கல். ‘ஊழல்’ என்று தேடினால் ‘ஊழலில்’, ‘ஊழலுக்கு’, ‘ஊழல்வாதிகளை’ எல்லாம் கிடைக்குமாறு முறைமை அமைய வேண்டும். பேச்சு வழக்கில் எழுதுவோரும் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதுவோரும் ஏராளம். ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுகிறார்கள். வசைபோல் தோன்றும் சொல் பாராட்டாகவும், பாராட்டு கேலியாகவும் வருவதைக் கணினி பெரும்பாலும் தவறவிடுகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகளும், படத்துக்குள் எழுதப்பட்ட வாசகங்களும் இத்தகைய கண்காணிப்புக்குள் வருவதேயில்லை. தனிப்பட்ட உரையாடலின் மறைகுறியாக்கத்தை உடைத்து அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதும் சரியன்று.

மொழியறிவில்லாத கண்காணிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை இலங்கை கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது, வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் பெருமளவில் பரவின. அந்நாட்டு அரசு சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020-இல் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

கேள்வி: பெரிய நிதி வசதியில்லாத ஒரு மாவட்டச் செய்தி இதழ் இதில் எங்கிருந்து தொடங்கலாம்?
– பத்திரிகையாளர், திருச்சி

அறிவுத்தளத்திலிருந்து தொடங்குங்கள், அதற்கு மென்பொருள் தேவையில்லை. உங்கள் மாவட்டத்தில் பொய்ப் பிரசாரம் எதைக் குறிவைக்கக்கூடும், எந்தெந்தக் குற்றச்சாட்டுகளின் வழியே வரக்கூடும் என்று, வெவ்வேறு தரப்பைச் சேர்ந்த நாலைந்து பேரை அழைத்து ஒரு தாளில் கிளைகளாக வரையுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் மக்கள் உண்மையாகவே எழுதும் சொற்களைப் பேச்சு வழக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய பதிவு வரும்போதெல்லாம், நீங்கள் அறிந்தவரை அது முதலில் தோன்றிய இடம், நேரம், இணைப்பு ஆகியவற்றை ஒரு விரிதாளில் பதிந்து, அது அழிக்கப்படுவதற்கு முன் திரைப்பிடிப்பையும் சேமியுங்கள்.

வெளியிடும் முன் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்றும் கணியுங்கள். பொய்ப் பிரசாரங்களை ஆராயும் பென் நிம்மோ 2020-இல் வகுத்த ஆறு படிநிலைகளில், ஒரே தளத்தில் ஒரே குழுவுக்குள் சுற்றும் பிரசாரம் முதற்படி. வன்முறைக்கான அழைப்பாகவோ அரசின் கொள்கையை அசைப்பதாகவோ மாறுவது ஆறாம் படி. முதற்படியில் நிற்கும் பொய்யை மறுப்பதற்காக முதற்பக்கத்தில் வெளியிட்டால், அதுவரை அதைக் கேள்விப்படாத வாசகர்களிடம் உங்கள் இதழே அதைக் கொண்டுசேர்க்கும். அந்நிலையில் விரிதாளில் பதிந்துவிட்டுக் காத்திருங்கள். வேறொரு தளத்துக்கோ வேறொரு குழுவுக்கோ அது தாவியதும் எழுதுங்கள்.